கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்: 12 வருட அனுபவம்

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சரளை கலந்த செம்மண், கிணறு கிடையாது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப் புல். மேய்ந்து மேய்ந்து ஒரு பக்கம் புல்லே அற்றுப்போனதால் 2013-இல் அந்த இடத்தை மட்டும் உழுது விதைத்தேன்.

விதைப்பில்தான் ஏமாந்தேன். அப்போதுதான் உருவின விதையை அந்த வாரமே போட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. இந்த விதைக்கு உறக்கம் உண்டு, ஆறு மாதமாவது சாக்கில் கிடக்க வேண்டும். அடுத்த வருடம் பழைய விதையை எடுத்தேன். சொணையோடு பஞ்சு மாதிரி இருக்கும், வீசினால் காற்றோடு போய்விடும். ஈர மணலில் பிசறித் தூவி, வேலங்கொப்பை இழுத்து லேசாக மண் மூடினோம். நன்றாகவே பிடித்தது. அந்த வருடம் அதில் ஒரு வாய்கூட மேய்க்கவில்லை. தூர் கட்டாத புல்லை மாடு இழுத்தால் வேரோடு வந்துவிடும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த பங்குனியில் காடு முழுக்க வைக்கோல் நிறம். செத்துவிட்டது என்றே நினைத்து ஒரு தூரைக் கொத்திப் பார்த்தேன். மேல்தாள் கையில் நொறுங்கியது. அடித்தண்டின் காய்ந்த உறையை நகத்தால் உரித்தேன். உள்ளே வெளிர்பச்சை, தொட்டால் ஈரம். அந்தத் தூரைத் திரும்ப வைத்து மண் அணைத்தேன். கோடை மழை ஒன்று நின்று பெய்தது. நாலாம் நாள் காடெங்கும் விரல் நீளத்துக்குப் பச்சை.

பட்டினி கிடந்த மாட்டை அப்போதே அவிழ்த்துவிடத் தோன்றும். விடாதீர்கள். தூரில் மிச்சமிருந்த சத்தை எல்லாம் செலவழித்துத்தான் அது துளிர்க்கிறது. அதையும் கடித்துவிட்டால் வறட்சி கொல்லாததை நாம் கொன்றுவிடுவோம். எங்கள் காட்டை நாலு அடைப்பாகப் பிரித்திருக்கிறேன். ஒன்றில் மேயும்போது மற்றவை ஆறும். வருடத்துக்கு ஒரு அடைப்பில் கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகுதான் படலைத் திறப்பேன். முதலில் மாடு, பிறகு ஆடு. ஆடு அடிவரை கடிக்கும் என்று அப்பாரு இதே வரிசையில்தான் விடுவார்.

குறைகளும் உண்டு. கதிர் ஒரே நேரத்தில் முற்றாது, விதைக்கு நாலைந்து தடவை போய் உருவ வேண்டும். முற்றின தாளில் சத்துக் குறைவு. கறவைக்கு அது மட்டும் பத்தாது, கடலைக்கொடி சேர்த்துப் போடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் தாராளமாக இருப்பவர்களுக்குக் கம்பு நேப்பியர் என்ற ஒட்டுத் தீவனப்புல் இதைவிடப் பல மடங்கு தரும். இதே புல் அமெரிக்காவின் அரிசோனாவில் வந்தேறி. பாலைவனத்தில் தீயைப் பரப்புகிறது என்று அங்கே பிடுங்கி எறிகிறார்கள். அது பிறந்த மண்களில் நம்முடையதும் ஒன்று, இங்கே ஆடும் மாடும் அதை அளவில் வைத்திருக்கின்றன.

தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டும் நிற்காது. எங்கள் கீழ்மூலையில் மூன்று முறை விதைத்தும் அழுகிப்போனது. அங்கே இப்போது கோரைதான்.