ஆகாயத்தாமரையா, வேலம்பாசியா, அல்லியா? வீட்டு மீன் தொட்டிக்கு எது ஒத்துவரும்

சுசீந்திரம் பக்கம் வீடு. முற்றத்தில் எட்டடிக்கு ஆறடியில், இரண்டரை அடி ஆழத்துக்கு ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் ஒரு டஜன் கோல்டு ஃபிஷ், கொசுவுக்காகக் கொஞ்சம் கப்பி. சுற்றிலும் குளமும் கால்வாயுமாகக் கிடக்கிற ஊரில் ஃபில்டருக்குக் காசு கொடுப்பானேன் என்று செடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

முதலில் ஆகாயத்தாமரை. காம்பு உப்பி, ஊதாப்பூ பூக்கிற செடி. வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். நம்மூரில் குளத்தை மூடுகிற எதுவும் ஆகாயத்தாமரைதான். கால்வாயில் இருந்து ஐந்தாறு செடி எடுத்துப் போட்டேன். பாசிப்பயறு நிறத்தில் இருந்த தண்ணீர் மூன்று வாரத்தில் தெளிந்துவிட்டது. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொங்குகிற வேர் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நேராக உறிஞ்சிவிடும். மேலே நிழலும் விழுவதால் பச்சைப் பாசிக்குத் தீனியும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆனால் இரண்டே வாரத்தில் இரட்டிக்கிற ஜாதி இது. ஆடிச் சாரலில் நாலு நாள் மூட்டமாக இருந்தது, நானும் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் இலைகளுக்கு நடுவே மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. நாலு செத்துவிட்டன. இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மேல்பரப்பு முழுக்க மூடிக் கிடந்தால் காற்றும் கலக்காது. கொசுத் தொல்லை வேறு. மான்சோனியா கொசுவின் புழு மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்தே மூச்சு விடும், மேலே வராது. அதனால் கப்பியிடமும் எளிதில் சிக்காது. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் யானைக்காலைப் பரப்பியது இந்த வகைக் கொசுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் அழுக்கை இழுப்பதில் இதற்கு ஈடு இல்லை என்பேன். ஒன்று மட்டும் எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது: செடியைப் பறித்து வெளியே எடுக்கும்போதுதான் அழுக்கும் வெளியே போகிறது. தொட்டியிலேயே அழுகவிட்டால் உறிஞ்சியது அத்தனையும் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். வாரம் ஒரு கூடை அள்ளித் தென்னை மூட்டில் போட ஆள் இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வேலம்பாசி அமைதியான ஆள். தண்ணீருக்குள்ளேயே வளர்வதால் பகலில் விடுகிற ஆக்சிஜன் நேராக மீனுக்குப் போகும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். ஆனால் கலங்கிப் பச்சையாக இருக்கிற தொட்டியில் போட்டால் வெளிச்சம் எட்டாமல் அதுவே அழுகும். தெளிந்த தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும், அவ்வளவுதான். கோல்டு ஃபிஷ் கொறித்தாலும் துண்டில் இருந்து துளிர்த்துவிடும்; புல்கெண்டை விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

தோவாளைச் சந்தையில் தாமரையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் அதன் கிழங்கு சின்னத் தொட்டிக்கு அடங்காது. அல்லி போதும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் களிமண் நிரப்பி, மேலே கூழாங்கல் பரப்பி இறக்கிவிடலாம். கல் இல்லாவிட்டால் மீன் மண்ணைக் கிளறிவிடும். வேர் டப்பு மண்ணிலேயே இருப்பதால் தண்ணீர் அழுக்கை அதிகம் இழுக்காது, நிழலுக்குத்தான் இது. தென்னை நிழலில் வைத்தால் இலை மட்டும்தான், பூ வராது.

இப்போது என் தொட்டியில் ஒரு டப்பு அல்லி, ஒரு மூலை முழுக்க வேலம்பாசி. ஆகாயத்தாமரை நாலே செடி, மூங்கில் சட்டத்துக்குள் அடைத்து. எல்லாம் சேர்ந்து பாதித் தொட்டிக்கு மேல் மூடவிடுவதில்லை. இரவில் ஒரு குட்டி மோட்டார் தண்ணீரை மேலிருந்து கொட்டிக்கொண்டிருக்கும்.

ஐப்பசி மழைக்குத் தொட்டி நிரம்பி வழியும் என்பதால் வழிகிற குழாய்க்கு வலை கட்டியிருக்கிறேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் ஏறிய சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கே என் பங்குக்கும் ஆகாயத்தாமரை போய்ச் சேர வேண்டாம்.