பிங்பாங் பகுதிக்காகவே கேட்கலாம்

நவீன சீனாவின் வெளியுறவு வரலாறு பற்றிய ஒலிப்பாடம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி முழுசாகக் கேட்டு முடித்தேன். முழு விலைக்குத் தகாது, தள்ளுபடியில் வந்தால் வாங்கலாம். 1971தான் இதன் உயிர். ஜப்பானின் நகோயாவில் அமெரிக்க டேபிள் டென்னிஸ் வீரர் கிளென் கோவன் சீன அணியின் பஸ்ஸில் ஏற, சீன வீரர் சுவாங் செதோங் எழுந்து வந்து மலைக்காட்சி போட்ட பட்டுத்துணியை நீட்டுகிறார். அப்புறம் ஜூலையில், பாகிஸ்தானில் வயிற்றுவலி என்று சாக்கு சொல்லிவிட்டு அமெரிக்க அதிபர் நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர் ரகசியமாகப் பெய்ஜிங்குக்கு விமானம் ஏறுகிறார், அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவின் இடம் தைவான் கையை விட்டுப் போகிறது. அருமை. ஆனால் 1969இல் உசூரி ஆற்றுத் தீவில் சோவியத்தோடு நடந்த மோதலை இரண்டே வரியில் தாண்டுகிறார்கள், அந்தப் பயம் இல்லாமல் மாவோ எதற்கு நிக்சனுக்குக் கதவைத் திறக்கப் போகிறார்? ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாடும் அவசர கதிதான். உச்சரிப்பு வேறு, சீனப் பிரதமராக இருந்த சூ என்லாயின் பெயர் பாடத்துக்கு ஒரு விதமாக வருகிறது.