பத்து ஆண்டுகள், இரண்டு முழங்கால்கள்: ஒரு தோட்டக் கிராணியின் சிகிச்சை அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வெளிக்காட்டுக் கிராணியாக (வெளிவேலையை மேற்பார்ப்பவராக) இருந்த எனக்கு, வலது முழங்கால் முதன்முதலாக முரண்டு பிடித்தது 2015இல். காலைப் பிரட்டு (தொழிலாளர் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மோட்டார் சைக்கிளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு மேட்டுக்காட்டுச் செம்பனை நிரைகளுக்குள் ஏறும்போது அவ்வளவாக வலிக்காது. இறங்கும்போதுதான் மூட்டுக்குள் மணல் அரைபடுவது போலிருக்கும். இளவயதில் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடித் திருகிக்கொண்ட கால் அது. அன்றைக்குத் தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெஸர் துணிக்கட்டுப் போட்டு மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன். இன்று அந்த முழங்காலுக்குள் உலோகமும் பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. இடது முழங்காலோ இன்னும் பிறவியில் வந்ததுதான். இரண்டையும் பத்து ஆண்டுகளாகச் சுமந்து திரிந்தவன் என்ற முறையில், எது எனக்கு உதவியது, எது என் பணத்தைத் தின்றது என்பதை எழுதுகிறேன்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பதிந்து, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு எலும்பு நிபுணரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள். படுத்தபடி எடுத்தால் உடல் எடை மூட்டின் மீது இறங்காது, இடைவெளி குறைந்திருப்பது தெரியாமல் போய்விடும் என்றார் டாக்டர். மூட்டுத் தேய்மானத்தை அளக்கக் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த, 0 முதல் 4 வரையிலான (4தான் மிக மோசம்) அளவுகோலில் என் வலது முழங்கால் 3, இடது 2. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, ஆகவே தேய்ந்தது திரும்ப வளராது என்று அவர் சொன்னதை நான் அன்று முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொண்டிருந்தால், ‘குருத்தெலும்பை வளர்க்கும்’ என்று எழுதிய குளுக்கோசமின் டப்பாக்களுக்கு இரண்டு ஆண்டுகள் செலவழித்திருக்க மாட்டேன். வலியிலும் நடையிலும் அவற்றால் எந்த மாற்றத்தையும் நான் காணவில்லை.

மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாராசிட்டமால் லேசான நாட்களுக்குப் போதும். டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகள் நன்றாகவே கேட்கும். ஆனால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பதம் பார்க்கும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள எனக்கு அவற்றை ஐந்து நாளுக்கு மேல் டாக்டர் எழுதிக் கொடுத்ததே இல்லை. அதே மருந்தைக் களிம்பாகத் தேய்த்தால் உடலுக்குள் போகும் அளவு மிகவும் குறைவு என்பதால், இன்றுவரை இடது காலுக்கு அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2017இல் நான் செய்த முட்டாள்தனத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சந்தையில் ஒருவர், பெயரோ சீட்டோ இல்லாத சிறு பிளாஸ்டிக் பையில், மூலிகை மாத்திரை என்று பழுப்பு உருண்டைகளை விற்றார். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது. ஒரு வாரத்தில் நான் படிகளில் தாவி ஏறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அதையே வாங்கினார்கள். நான்கு மாதத்தில் முகம் உப்பிப் பௌர்ணமி நிலவு போலானது. வீட்டுக் கருவியில் இரத்தச் சர்க்கரை 17 மில்லிமோலைத் தாண்டியது. கிளினிக் டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே, “அங்கிள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்றுதான் கேட்டார், வேறு கேள்வியே வரவில்லை. இத்தகைய உருண்டைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலக்கப்படுவதைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அதைவிட முக்கியமானது அந்த டாக்டர் அடுத்துச் சொன்னது: பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும்; திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழவும் உயிருக்கே ஆபத்தாகவும் வாய்ப்புண்டு. அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து விடுபட மூன்று மாதம் ஆயிற்று. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இப்போது எண்ணெய்ப் புட்டியாக இருந்தாலும் அதைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறேன்.

ஊசிகளில் இரண்டு வகையைப் போட்டுக்கொண்டேன். 2018இல் அரசு மருத்துவமனையில் மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஏறத்தாழ பத்து வாரம் நிம்மதி தந்தது. முதல் ஐந்து நாள் சர்க்கரை ஏறியதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இதை அடிக்கடி போடக் கூடாது, மூட்டு மாற்று அறுவைக்கு முந்தைய மூன்று மாதங்களில் போடவே கூடாது, கிருமித் தொற்று வாய்ப்பு கூடும். அடுத்த ஆண்டு ஒரு தனியார் கிளினிக்கில், வாரம் ஒன்றாக மூன்று ஹையாலுரோனிக் அமில ஊசிகள். வண்டிக்கு எண்ணெய் விடுவது போல என்றார்கள். எனக்கு எண்ணெய் விட்ட வண்டி போல எதுவும் ஓடவில்லை. அதே இடத்தில் அடுத்ததாக, துளையிட்டு மூட்டைக் கழுவலாம் என்றும் சொன்னார்கள். என் மகன்தான் தடுத்தான். 2002இல் ஹூஸ்டனில் 180 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், கழுவப்பட்டவர்களுக்கும் தோலை மட்டும் கீறி அறுவை நடந்ததுபோல் காட்டப்பட்டவர்களுக்கும் பலனில் வேறுபாடே இல்லை என்பதை அவன் படித்துச் சொன்னான்.

இத்தனைக்கும் இடையில் உண்மையிலேயே வேலை செய்தது, யாரும் என்னிடம் விற்க முயலாத ஒன்று. மருத்துவமனை இயன்முறைப் பிரிவில் கற்றுத் தந்த தொடைத் தசைப் பயிற்சிகளை நான் முதல் மூன்று ஆண்டுகள் ஏனோதானோவென்றுதான் செய்தேன். பழுப்பு உருண்டைக்குப் பிறகு புத்தி வந்தது. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பதினைந்து முறை, காலையும் மாலையும். வேகமாக இறக்கினால் பயன் இல்லை. இரவுச் சோற்றைக் குறைத்து 84 கிலோவிலிருந்து 75க்கு வந்தேன். உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்ற கணக்கை நான் நம்பக் காரணம் இடது காலே. அது இன்றுவரை கத்திக்குப் போகவில்லை.

வலது கால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. இரவில் புரண்டு படுத்தாலே விழிப்பு வரும், கால் வில்லாக வளைந்துவிட்டது, எக்ஸ்ரேயில் 4. ஈப்போவில் மூட்டு மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்திருந்த நிலையில், 2020 மார்ச் 18இல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து அவசரமில்லாத அறுவைகள் எல்லாம் தள்ளிப்போயின. தனியார் மருத்துவமனை ஒன்றில் சொன்ன மொத்தத் தொகை 28,000 ரிங்கிட். அரசு மருத்துவமனையில் அறுவைக் கட்டணம் சிறிதுதான். ஆனால் உள்ளே வைக்கும் செயற்கை மூட்டின் விலையை நாமே கட்ட வேண்டியிருந்தது. இதை முன்பே தெளிவாகச் சொல்லாதது எனக்குப் பெரிய குறை. தேதி கிடைத்த பிறகுதான் தெரிந்து, வீட்டில் ஒரே பதற்றம். வசதி குறைந்தவர்கள் மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியைப் பார்த்தால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுப்போட வழி சொல்வார். அதைத் தேதி வருவதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது.

2022இல் அறுவை நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போன நிலையில், திரைக்கு அந்தப் பக்கம் அறுக்கும் ஓசையும் சுத்தியல் ஓசையும் தச்சுப் பட்டறையில் கேட்பது போலவே கேட்டன. தேய்ந்த முனைகளைச் செதுக்கி, தொடை எலும்புக்கு ஓர் உலோகக் கவசமும் கீழெலும்புக்கு ஓர் உலோகத் தட்டும் எலும்புச் சிமெண்டால் ஒட்டி, நடுவில் உறுதியான பாலிஎத்திலீன் துண்டை வைத்தார்கள். மறுநாள் காலையே நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரி பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தாள். இயன்முறைப் பெண் வந்ததும் அதை உருவி எடுத்து, துணியைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். “ஆன்ட்டி, இங்கே வைத்தால் அங்கிளுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கிய மாதிரியே இறுகிவிடும்.” அந்தச் சுகமில்லாத நிலையில்தான் இரண்டு வாரம் படுத்தேன். மடக்கும் கோணத்தை ஒவ்வொரு முறையும் கோணமானி வைத்து அளந்தார்கள்: முதல் வாரம் 60 பாகை, இரண்டாம் வாரம் 90, ஆறு மாதத்தில் 115. முதல் ஆறு வாரத்து இரவுகள் கொடுமையானவை. அறுவைக்கு முன்பே தொடையைப் பலப்படுத்தியிராவிட்டால் அவற்றைக் கடந்திருப்பேனா என்பது சந்தேகமே.

மூன்று ஆண்டுகள் முடிந்த நிலையில், பழைய வலி இல்லை. பத்து மலை முருகன் கோயிலின் 272 படிகளை ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியும் வந்தேன். ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்திற்கு இன்னும் மரத்தே இருக்கிறது; மாடிப்படியில் மூட்டு ‘டிக்’ என்று ஒலிக்கும்; குந்தி உட்கார முடியாது, மண்டியிட மனம் வராது. கோயில் அன்னதானத்தில் பந்தியில் அமர முடியாமல் ஓரத்து பெஞ்சில் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டின் பழைய குந்து கழிப்பறையையும் அறுவைக்கு முன்பே மாற்றிவிட்டோம். அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழு மனநிறைவு அடைவதில்லை என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்ததால் எனக்கு ஏமாற்றமில்லை. மூட்டு எத்தனை காலம் வரும் என்று கேட்டதற்கு, 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுப்படி முழு முழங்கால் மாற்றங்களில் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிப்பதாகச் சொன்னார். அது என் ஆயுளுக்குத் தாராளம்.

இடது காலுக்குச் சென்ற மாதம் மீண்டும் எக்ஸ்ரே எடுத்ததில் 3 என்று வந்தது. டாக்டர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரவில் தூக்கம் வருகிறதா, கடைத்தெருவுக்கு நடந்து போய்வர முடிகிறதா என்று இரண்டே கேள்வி கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றதால், அடுத்த தேதியை ஒரு வருடம் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். சீனிப் பொட்டலம் இப்போது இரண்டு கிலோவாகியிருக்கிறது.