பஞ்சிகாவத்தை ஹீற்றர் பிளக்: பழைய பஜேரோவுக்கு எது காசு பெறும்?

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், பழைய பஜேரோவின் 4டி56 டீசல் எஞ்சினுக்கு ஹீற்றர் பிளக் (எஞ்சின் பிடிக்க முன் உள்ளே சூடேற்றும் பிளக்) கேட்டால் மூன்று விதமான சாமான் கவுண்டருக்கு வரும். என்ஜிகே, எச்கேடி போன்ற ஜப்பான் பெயர் போட்டவை, பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி, ஜப்பானில் இருந்து இறங்கிய எஞ்சினில் கழற்றிய ரிகண்டிஷன். முதலாவது கொடுக்கும் காசுக்குப் பெறும். மற்ற இரண்டும் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

ஆனால் அதற்கும் முதல் ஒன்று. வண்டி கொழும்பிலேயே நிற்பதென்றால், காலையில் பத்துப் பன்னிரண்டு செக்கன் சுற்றியபின் பிடிப்பதற்குப் பிளக்தான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். இங்கே விடியப்புறத்திலும் 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இந்தச் சூட்டில் நான்கில் ஒரு பிளக் செத்தாலும் எஞ்சின் பிடித்துவிடும். கொஞ்சம் உதறும், வெள்ளைப் புகை தள்ளும், பிறகு சீராகும். அதே வண்டியை நுவரெலியாவில் ஓர் இரவு நிறுத்தினால்தான் செத்த பிளக்கின் குணம் தெரியும்.

சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. பிளக்கைச் சந்தேகிக்கலாம். புகையே இல்லையென்றால் டீசல் வந்து சேரவில்லை, இரவில் லைனில் காற்றுப் புகுந்து டீசல் டாங்கிக்கு இறங்கியிருக்கிறது. அடுத்த நாள் காலையில் சாவி போட முன் ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். அரைச் சுற்றில் பிடித்தால் பிளக் வாங்கப் போகத் தேவையில்லை.

காற்று இழுக்கும் இடங்கள் அநேகமாக இவைதான்: அந்தக் கைப்பம்பின் டயப்ரம், ஃபில்டரின் அடியில் உள்ள வாட்டர் சென்சரின் ஓ-ரிங், இன்ஜெக்டர்களை இணைக்கும் துணி சுற்றிய ரிட்டர்ன் ஹோஸ், கடைசி இன்ஜெக்டரின் மூடி. ரிட்டர்ன் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். ரப்பராக வளையாமல் ஈர்க்குப்போல் முறுகினால் முழுவதையும் மாற்றுங்கள், ஒரு மீற்றர் போதும். சந்தேகம் தீரவில்லையென்றால் பம்புக்குள் டீசல் போகும் இடத்தில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும்.

பெற்றரியையும் விட்டுவிடக்கூடாது. இரவு நின்ற பெற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டும், சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. சுற்றும் நேரத்தில் பெற்றரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பழுது எர்த் வயரில். வெள்ளவத்தைக் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது பழகிய வியாதி.

இவ்வளவும் பார்த்தபின் பிளக்தான் என்றால், மேலே நான்கையும் சேர்க்கும் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றையும் மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அல்லது அதற்குக் குறைவாகக் காட்டும், செத்தது ஒன்றும் காட்டாது. மலிவு மீற்றரின் வயரே 0.2, 0.3 ஓம் தின்னும். இரண்டு முனையையும் முட்டவைத்து வருவதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது கழற்றிய பிளக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கவுண்டரில் மொடலைத்தான் கேட்பார்கள், வோல்ட்டைக் கேட்கமாட்டார்கள். வினை அங்கேதான் தொடங்குகிறது. பஜேரோவில் சாதாரண முறையும் உண்டு, சீக்கிரம் சூடேற்றும் முறையும் உண்டு. இரண்டாவதுக்குக் குறைந்த வோல்ட் பிளக். உருவமும் மரையும் ஒத்துப்போகலாம், உடம்பில் குத்தியிருக்கும் எண்தான் வேறு. குறைந்த வோல்ட் பிளக்கை நேரே 12 வோல்ட்டில் போட்டால் சில செக்கனில் நுனி கருகும். மாறிப் போட்டால் சிவக்காமலே கிடக்கும்.

வெள்ளைப் பெட்டியை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் ஆயுள் குறைவு மட்டுமல்ல. அளவுக்கு மீறிச் சூடேறினால் பிளக்கின் நுனி ஊதும். ஊதிய நுனி வந்த ஓட்டையால் திரும்ப வராது. பலம் கொடுத்துத் திருகினால் முறிந்து உள்ளே விழும், பிறகு ஹெட் இறக்கவேண்டியதுதான். நல்ல பிளக் சூடேற ஏறத் தன் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும். மலிவுச் சாமானில் இதை நம்பமுடியாது. ரிகண்டிஷனுக்கோ எத்தனை ஆயிரம் தடவை சிவந்தது என்ற கணக்கே இல்லை.

12 வோல்ட் பிளக்கைக் கடையிலேயே சோதிக்கலாம். உடம்பைக் குறட்டால் பிடித்து பெற்றரியின் மைனஸ், தலைக்கு பிளஸ். நுனி முதலில் சிவந்து மேலே ஏறவேண்டும். நடுப்பகுதி முதலில் சிவந்தால் வேண்டாம். சிவந்ததும் வயரை எடுத்துவிடுங்கள். குறைந்த வோல்ட் பிளக்கில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பழையதைக் கழற்ற எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கவேண்டும். முதல் நாள் இரவே மரையைச் சுற்றித் துருநீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். அநேகமாக 12 மில்லிமீற்றர் ஆழச் சொக்கெட் பொருந்தும். புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு 15 முதல் 20 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்குங்கள். நீளக் கம்பியால் இறுக்கும் கராஜ் பாஸ்மாரிடம் கொடுக்கவேண்டாம்.

பழைய பிளக்குகள் நான்கும் ஊதியிருந்தால் புதியதைப் போட முன் ரிலேயை, அதாவது பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் சுவிட்சைப் பாருங்கள். பட்டைக்கு வரும் வயரைக் கழற்றி அதன் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட் பல்ப் ஒன்றைக் கட்டிச் சாவியைப் போட்டால் எரியும். டாஷ்போர்ட் விளக்கு அணைந்தபின்னும் கொஞ்ச நேரம் எரிவது சரிதான். சாவியை எடுத்தபின்னும் எரிந்தால் ரிலே ஒட்டிவிட்டது. அதை மாற்றாமல் எந்த ஜப்பான் பிளக்கைப் போட்டாலும் அடுத்த மாதம் திரும்பவும் பஞ்சிகாவத்தைக்குத்தான்.