ஸ்லோலி: பதில் எழுத அவகாசம் தரும் ஒரு செயலி

கைப்பேசித் திரையில் பச்சைப் புள்ளி எரிகிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு நான் படித்துவிட்டது தெரிந்துவிட்டது. இனி உடனே எதையாவது சொல்லியாக வேண்டும். பேச்சுக் குறைந்த சுபாவக்காரருக்கு இந்த நெருக்கடி எத்தகையது என்பதை மற்றவர்களுக்கு விளக்குவது எளிதன்று. நண்பர்களைத் தேடித் தருவதாகச் சொன்ன ஓர் அரட்டைச் செயலியை, அதன் பெயர் இங்கே வேண்டாம், ஒன்பதாம் நாளில் நான் நீக்கிவிட்டேன். அங்கே யாரும் என்னிடம் தவறாக நடந்துகொள்ளவில்லை. வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதும் உள்ளறைக்கு ஓடும் சிறுவனாக, நாற்பது வயதில் என்னை மீண்டும் ஆக்கிவிட்டது என்பது மட்டுமே குறை.

அதன் பிறகு கிடைத்ததுதான் ஸ்லோலி. ஹாங்காங்கில் கெவின் வோங் உள்ளிட்டோர் 2017இல் தொடங்கிய சிறு நிறுவனத்தின் செயலி இது. நாம் எழுதும் கடிதம் உடனே போய்ச் சேராது. இருவருக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிட்டு, அதற்கேற்ற நேரம் கழித்தே பெறுபவரின் பெட்டியில் விழும். பாளையங்கோட்டையிலிருந்து இரவு உணவுக்குப் பின் பின்லாந்துக்கு அனுப்பும் கடிதத்தை அங்குள்ளவர் மறுநாள்தான் பிரித்துப் படிக்க முடியும். முகப்படத்துக்குப் பதிலாக நாமே வடிவமைக்கும் ஒரு சித்திர முகம், உண்மைப் பெயருக்குப் பதிலாக ஒரு புனைபெயர், தெரிந்த மொழிகள், விருப்பமான சில தலைப்புகள் ஆகியவைதாம் ஒருவரைப் பற்றி முதலில் தெரியவருபவை.

இன்ட்ரோவெர்ட், அதாவது உள்முகச் சுபாவக்காரர், என்றாலே கூச்ச சுபாவம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். கூச்சம் உடையவர் பிறர் தம்மை என்ன நினைப்பார்களோ என்று அஞ்சுகிறார். இன்ட்ரோவெர்ட்டுக்கு அந்த அச்சம் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் அவருக்கு அயர்ச்சி வந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் நிற்பவருக்கு மனிதர்கள் வேண்டாம் என்று பொருளில்லை. இந்த வேறுபாட்டை உணராமல் கட்டப்பட்ட சேவைகள் பெரும்பாலும் ஆளைக் கூட்டத்துக்குள் தள்ளுவதையே தீர்வாகக் கருதுகின்றன. நியூயார்க்கில் 2002இல் தொடங்கிய மீட்டப், ஒரே ஆர்வம் உடையவர்களை நேரில் கூட்டுகிறது. பிரான்சைச் சேர்ந்த டைம்லெஃப்ட், ஒருவரையொருவர் அறியாத சிலரைப் புதன்கிழமை இரவு ஒரே மேசையில் சாப்பிட அமர்த்துகிறது. இரண்டும் பலருக்குப் பயன்படுபவைதாம். எனக்கோ அந்த மேசையை நினைத்தாலே செவ்வாய்க்கிழமை இரவு தூக்கம் வராது.

ஸ்லோலியை நான் மதிப்பதற்குக் காரணம், அதன் கொள்கை விளம்பர வாசகத்தில் நின்றுவிடாமல் செயலி இயங்கும் விதத்திலேயே இருப்பதுதான். ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறார்கள் என்பதை வைத்தே செயலிகளின் வெற்றி அளக்கப்படும் தொழிலில், பெரும்பாலான நேரம் திறந்து பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு பொருளைச் செய்து வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். வருமானத்துக்காக இவர்கள் தபால்தலைகளையும், கூடுதல் வசதிகள் கொண்ட சந்தாவையும் விற்கிறார்கள். காசு கொடுக்காமல் நீண்ட நாள் பயன்படுத்தலாம்; எனினும் கடிதத்தின் மூலையில் ஒட்டும் அந்தச் சின்னஞ்சிறு படங்களுக்காக நானும் இருமுறை செலவழித்திருக்கிறேன் என்பதை வீட்டில் சொல்லவில்லை.

பதினான்கு மாதங்களில் எனக்கு நிலைத்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர், பின்லாந்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற நூலகர், இந்த நிமிடம் உங்கள் சன்னலுக்கு வெளியே என்ன கேட்கிறது என்று ஒருமுறை கேட்டிருந்தார். அப்போது தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். அதை எழுதப் போய், சிரட்டைக் கரி ஏன் சீக்கிரம் அணைந்துபோவதில்லை என்று அவரிடமே இறங்கிக் கேட்டு, ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பதினோரு ஆண்டுகளாக அவரிடம் துணி கொடுத்து வாங்குகிறேன். அன்றுதான் அவரிடம் முதன்முறையாகப் பத்து நிமிடம் பேசினேன். பின்லாந்துக்காரருக்கு ஆற அமரப் பதில் எழுதும் அவகாசம் கிடைத்ததன் பக்கவிளைவு இது.

குறைகளும் உண்டு. முதல் கடிதங்களில் கணிசமானவை ஒரே அச்சில் வார்த்த சுயவிவரக் குறிப்புகளாக இருக்கும். எனக்குப் பூனை பிடிக்கும், பயணம் பிடிக்கும், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று முடியும். இரண்டாம் கடிதத்துக்குப் பின் காணாமற்போவோர் ஏராளம். அவசரமில்லாத இடத்தில் சோம்பலும் சேர்ந்தே குடிவருகிறது. அதற்கு நானும் விலக்கல்லன். முகமும் உண்மைப் பெயரும் தெரியாதது கூச்சத்தைக் குறைப்பதுபோலவே ஏமாற்றுவோருக்கும் வசதியாகிவிடும் என்பதால், தொலைபேசி எண்ணையும் முகவரியையும் பல மாதங்களுக்கு எவருக்கும் தராதிருப்பது நல்லது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, காய்ச்சலில் படுத்திருக்கும்போது கஞ்சி வாங்கி வர இந்த நண்பர்களால் முடியாது என்பதே. உள்ளூர்த் துணை தேடுபவர் இதை நம்பி ஆறு மாதம் வீணாக்க வேண்டாம்.

மொழியைப் பொறுத்தவரை, எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதில் தயக்கமுள்ளவருக்கு இந்தக் கதவு பாதிதான் திறக்கும். அறிமுகக் குறிப்புகளைப் பொறுமையாகப் புரட்டிய பின், மலேசியாவின் ஈப்போவில் தமிழில் எழுதும் ஒருவர் எனக்குக் கிடைத்தார். நான் காலையில் அனுப்பினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும் தொலைவு அது. தயங்கித் தயங்கி எழுதிய என் முதல் கடிதத்துக்கு வந்த பதில், என் தாத்தா நீல நிற இன்லேண்ட் கடிதத்தில் எழுதுவதைப் போலவே, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கியிருந்தது. அவருக்கு வயது இருபத்து மூன்று.