ஏசிபி டிரிப் யூனிட் சோதனை: பிரைமரியா, செகண்டரியா?

ஏசிபி என்பது பெரிய மின்னோட்டத்துக்கான ஏர் சர்க்யூட் பிரேக்கர்; எப்போது டிரிப் ஆக வேண்டும் என்று முடிவெடுப்பது அதன் டிரிப் யூனிட். அதைச் சோதிக்க இரண்டு வழி. செகண்டரி இன்ஜெக்‌ஷன் சுலபம். கையில் தூக்கிப்போகும் கிட்டை டிரிப் யூனிட்டின் டெஸ்ட் சாக்கெட்டில் செருகி, சிடி (பிரேக்கரில் ஓடும் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி டிரிப் யூனிட்டுக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தருவது போன்ற சிறு மின்னோட்டத்தைக் கொடுத்தால் போதும். எலக்ட்ரானிக்ஸ் சரியா என்று தெரிந்துவிடும். ஆனால் சிடி சோதனைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பிரைமரியில் பிரேக்கர் வழியாக நிஜ கரண்ட்டே ஓடுகிறது. 1600 ஆம்பியர் பிரேக்கருக்கு 3 மடங்கு என்றால் 4800 ஆம்பியர், சில வோல்ட்டில். இயந்திரம் கனம், கேபிள் தடிமன், ஷட்டவுனும் நீளும். ஆனால் நியூட்ரல் சிடியை யாராவது தலைகீழாக மாட்டியிருந்தால், ஃபேஸோடு தொடராகச் செலுத்தும்போது இங்கேதான் அது பிடிபடும். ஒரு போலில் (பிரேக்கரில் ஒரு ஃபேஸின் பாதை) மட்டும் செலுத்தினால் எர்த் ஃபால்ட் (மண்ணுக்குக் கசியும் மின்னோட்டத்துக்கான பாதுகாப்பு) முந்திக்கொண்டு டிரிப் ஆகும். அதைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். அப்புறம் தெர்மல் மெமரி (முந்தைய சூட்டை டிரிப் யூனிட் நினைவில் வைத்திருப்பது): ஆறவிடாமல் மறுபடி செலுத்தினால் சீக்கிரமே டிரிப் ஆகிவிடும்.

நேரக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். ஐ ஸ்கொயர் டி வளைவில் (மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் மாறாது) 6 மடங்குக்கு 10 விநாடி என்றால் 3 மடங்குக்கு 40, டாலரன்ஸ் தனி.

புதிய பேனலுக்கும் சிடி மாற்றிய பிரேக்கருக்கும் பிரைமரிதான் என் தேர்வு. வருடாந்திரப் பராமரிப்புக்கு செகண்டரி போதும். எதுவானாலும் பழைய செட்டிங்கை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்காக அணைத்த எர்த் ஃபால்ட்டைத் திரும்பப் போட மறப்பது சகஜம்.