எச்சரிக்கை: அன்டால்யாவில் 380 யூரோ கொடுத்து பெர்கேயின் வேலியைப் பார்த்துவிட்டு வந்தோம்

நேற்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. இன்று சாயங்காலம் விமானம். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறப்போட்டால் "சரி விடு, போகட்டும்" என்ற புத்தி வந்துவிடும். அந்தப் புத்தியை நம்பித்தான் இங்கே சுற்றுலா விற்கிறவர்கள் கடையே நடத்துகிறார்கள். துருக்கியில் அன்டால்யா பக்கம் வருகிறவர்கள் எதை எப்படி புக் செய்ய வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் நாலு பேர். நான், என் வீட்டுக்காரர், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. ஜெர்மனியில் எங்களோடு இருக்க வந்தவர்களை ஒரு வாரம் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகலாம் என்று துருக்கிக்கு வந்தோம். அம்மாவுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை. பெர்கே என்ற பழங்கால ஊர்.

அப்பா முப்பத்திரண்டு வருஷம் மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் என்று நம் பாடப்புத்தகத்தில் வருகிறதே, அந்த மூன்று வளைவுக்கும் கிரேக்கத்தில் பெயர் வைத்த அப்போலோனியஸ் பிறந்த ஊர் பெர்கே. கி.மு. 3ஆம் நூற்றாண்டு ஆள். கூம்பை வெட்டினால் கிடைக்கும் வளைவுகளைப் பற்றி எட்டு நூல் எழுதினார். நாலு கிரேக்கத்திலேயே மிஞ்சியது, அடுத்த மூன்று அரபி மொழிபெயர்ப்பில் தப்பியது, எட்டாவது போயே போய்விட்டது. இதெல்லாம் எனக்குச் சோற்றோடு ஊட்டிய கதை. அந்த மனிதர் வேலை பார்த்தது அலெக்சாண்டிரியாவில், பெர்கேயில் அவர் பெயரில் ஒரு கல்கூட இருக்காது என்று அப்பாவுக்கும் தெரியும். "இல்லாட்டி என்ன, அந்தத் தெருவுல ஒரு தடவை நடந்துட்டு வந்துடறேன்" என்றார்.

ஹோட்டலிலிருந்து கடற்கரைக்குப் போகும் ரோட்டில் வரிசையாகச் சுற்றுலா விற்கும் சின்னச் சின்னக் கடைகள். ஒரு மேஜை, வெயிலில் வெளுத்த படங்கள், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்று. பெயர் எழுதவில்லை, எழுதியும் பிரயோஜனம் இல்லை, அடுத்த சீசனில் வேறு பெயர்ப்பலகை மாட்டியிருப்பார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். ஜெர்மன் சரளம். உட்காரும் முன்னே இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் டீ வந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பெரியவர்களுக்கு இங்கே செய்யும் மரியாதை, நம் ஊரில் காலைத் தொடுவது மாதிரி. அப்பா அங்கேயே உருகிவிட்டார்.

பெர்கே, அஸ்பெண்டோஸ், சிடே என்று மூன்று பழைய ஊர்கள், நடுவில் மானவ்காட் அருவி. மதியச் சாப்பாடு உண்டு, வழிகாட்டி உண்டு. ஆளுக்கு 65 யூரோ. நுழைவுச்சீட்டுக்குத் தனியாக ஆளுக்கு 30, "கும்பலா வாங்கினா வரிசையில நிக்க வேண்டாம்". நான் கேட்டேன், பெர்கேயில் எவ்வளவு நேரம் விடுவீர்கள் என்று. அப்பாவின் கதையையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஆள் கண்ணை அகல விரித்து "ஓ, புரொஃபசர்!" என்றார். பேனாவை எடுத்து ரசீதின் ஓரத்தில் கையால் எழுதினார்: பெர்கே, 2 மணி நேரம். அடியில் இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். வாத்தியார் திருத்திய விடைத்தாள் மாதிரி இருந்தது. அப்பா அந்த ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், நான் கேட்டும் தரவில்லை.

260 ஒன்று, 120 ஒன்று. மொத்தம் 380 யூரோ. கார்டில் கொடுத்தால் பத்து சதவீதம் கூடுதல் என்றார். "கார்டுலயே குடு, பின்னாடி ஏதாவதுன்னா பேங்க்ல கேக்கலாம்" என்று இவர் காதோடு சொன்னார். நான்தான், 38 யூரோவை எதற்குத் தண்டமாகக் கொடுப்பது என்று ஏடிஎம் தேடிப் போய்ப் பணமாக எடுத்து வந்தேன். இதை இவர் இன்னும் சொல்லிக் காட்டவில்லை. ஊருக்குப் போனதும் சொல்வார்.

புதன்கிழமை காலை ஏழே காலுக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். வண்டி வந்தது எட்டு மணிக்கு. இன்னும் ஆறு ஹோட்டலில் ஆள் ஏற்றி முடிக்க ஒன்பதரை. பெர்கே நகரத்துக்குக் கிழக்கே பதினெட்டு கிலோமீட்டர்கூட இல்லை, அதுதான் முதலில் வரும் என்று அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றது ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால். "தோல் தொழிற்சாலை, பத்து நிமிஷம், டாய்லெட் உண்டு."

உள்ளே தொழிலும் இல்லை, ஆலையும் இல்லை. இருட்டு ஹால், பாட்டு, விளக்கு, பெண்களும் பையன்களும் தோல் கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் நடக்கிறார்கள். நடந்து முடித்துப் பார்வையாளரில் சிலரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுக்கிறார்கள். அம்மா மாட்டிக்கொண்டாள். சுங்குடிப் புடவை மேல் கறுப்புத் தோல் கோட்டு, வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில். "இது ஆடா மாடாடி?" என்று மேடையிலிருந்தே என்னைக் கேட்டாள். அப்புறம் விற்பனைக்காரர் ஒருவர் எங்களுக்கென்றே ஒட்டிக்கொண்டார். 1,900 யூரோ என்று எழுதியிருந்தது, நாங்கள் வாயே திறக்காமல் 450க்கு இறங்கியது. கதவுப் பக்கம் போனால் "வண்டி இன்னும் வரல" என்கிறார்கள். ஒரு மணி இருபது நிமிஷம். அடுத்து நகைக்கடை, வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறும் கல்லாம், ஒரு மணி நேரம். அடுத்து இனிப்புக் கடை, அரை மணி. கூட்டினால் இரண்டு மணி ஐம்பது நிமிஷம். அப்பாவின் சட்டைப்பையில் இருந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அஸ்பெண்டோஸ் அற்புதம். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் ஜெனோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய அரங்கம். படிக்கட்டும் மேடைச்சுவரும் உச்சி வரை அப்படியே நிற்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் துருக்கியர்கள் இதைத் தங்குமிடமாக்கிப் பழுது பார்த்து வைத்ததால்தான் தப்பியது என்று அறிவிப்புப் பலகையில் படித்தேன். வழிகாட்டி அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒரே கதை: ஊருக்கு நல்லது செய்தவனுக்கே மகளைத் தருவேன் என்று ராஜா சொன்னார், ஒருவன் மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான், இன்னொருவன் இந்த அரங்கத்தைக் கட்டினான், மேல்படியில் நின்ற ராஜாவுக்குக் கீழே முணுமுணுத்த குரல் கேட்டது, மகளை அவனுக்கே கொடுத்தார். கதை நன்றாகத்தான் இருந்தது. நானும் அப்பாவும் மேலே ஏறினோம். கீழே நடுவில் நின்ற அம்மா சாதாரணமாக, "செருப்பு கடிக்குது, சீக்கிரம் வாங்க" என்றாள். பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி கேட்டது. அப்பா சிரித்தார். அந்த நாளில் அவர் சிரித்தது அங்கே மட்டும்தான். நாற்பது நிமிஷத்தில் விசில் அடித்துக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வழிகாட்டியின் கழுத்தில் அட்டை எதுவும் இல்லை. துருக்கியில் வழிகாட்டியாக வேலை செய்ய அமைச்சகத்தின் உரிமம் வேண்டும், அட்டையை மாட்டியிருக்க வேண்டும். கேட்டதற்கு "வண்டியில இருக்கு" என்றார். சாப்பாட்டில் தண்ணீருக்குத் தனிக்காசு. அருவி அரை மணி. அகலமாக, குள்ளமாக, ஐஸ்கிரீம் கடைகளுக்கு நடுவில். சிடேயில் கடல் ஓரத்தில் அப்பல்லோ என்ற கிரேக்கக் கடவுளின் கோவிலில் மிஞ்சிய ஐந்து தூண்கள், ஐம்பது நிமிஷம். தூண்களைப் பார்க்க நாங்கள் எந்தச் சீட்டும் வாங்கவில்லை, திறந்த வெளி. எங்கள் 120 யூரோவில் அஸ்பெண்டோஸ் போக மீதி என்ன ஆனது என்று அங்கேதான் இவர் கணக்குப் போட ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் ஒருவழியாக பெர்கே. ஊர் மதிலுக்கு வெளியே உள்ள பழைய விளையாட்டரங்கத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. "இதுதான் பெர்கே. போட்டோ, பத்து நிமிஷம்."

உள்ளே போக வேண்டும் என்றேன். நேரமாகிவிட்டது, மூடிவிட்டார்கள் என்றார். நுழைவாயிலில் ஒரு குடும்பம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போவது என் கண்ணுக்குத் தெரிகிறது! அதைக் காட்டினேன். "அவங்க தனி, நாம குழு" என்றார். அப்பா ரசீதை எடுத்து நீட்டி, தன் ஆங்கிலத்தில் நிதானமாக, அப்போலோனியஸ் பிறந்த ஊர் இது, தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றார். அதற்கு அந்த ஆள் சொன்ன பதிலை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். "அப்பல்லோவா? அது சிடேயில். பாத்துட்டோமே!"

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் படித்து வைத்திருந்தேன். வட்டமான இரண்டு கோபுரங்கள், அதன் பின்னால் தூண் வரிசைத் தெரு, தெருவின் நடுவே வாய்க்கால், தெரு முடியும் இடத்தில் நதி தெய்வம் சாய்ந்து படுத்திருக்க அதன் கீழிருந்து தண்ணீர் வரும்படி கட்டிய நீரூற்று. அந்தக் கோபுர வாசலை 2ஆம் நூற்றாண்டில் தன் செலவில் புதுப்பித்தவள் பிளான்சியா மாக்னா என்ற பெண். எனக்கு அவளைத்தான் பார்க்க ஆசை. நாங்கள் பார்த்தது வேலி. அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "வா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்று அவரே வண்டியில் ஏறிவிட்டார்.

இனி பிறகு நடந்த கூத்து. வழிகாட்டி: நான் நாள் சம்பளத்துக்கு வருகிறவன், கடையில் கேளுங்கள். ராத்திரி கடைக்குப் போனால் ஒரு சின்னப் பையன்: அண்ணன் இல்லை, காலையில் வாங்க. காலையில் அண்ணன் இருந்தார், டீயும் வந்தது. குடிக்கவில்லை. பெருநாள் விடுமுறைக் கூட்டம், வண்டி நெரிசல், கடவுள் விட்ட வழி என்றார். ரசீதைக் காட்டினேன். "இது என் கையெழுத்து, கம்பெனி எழுதினதில்ல." சரி, பெர்கேக்கு நுழைவுச்சீட்டு வாங்கவே இல்லையே, அந்தக் காசையாவது கொடுங்கள் என்றேன். அப்போது அவர் கேட்டார்: "பெர்கேல போட்டோ எடுத்தீங்களா?" அம்மா வெள்ளை மனசாக போனைத் திறந்து காட்டிவிட்டாள். "பாருங்க, பெர்கே! பாத்தாச்சு!" என்று பக்கத்துக் கடைக்காரனுக்கும் காட்டினார்.

கம்பெனி எண் என்று ஒன்று கொடுத்தார். வாட்ஸ்அப்பில் ஒரு பெண்மணி ரசீதின் படம் கேட்டார், அனுப்பினேன். இரண்டு நீலக் குறி. நாலு மணி நேரம் கழித்து, உங்கள் கருத்துக்கு நன்றி, மேலாளர் விடுமுறையில் இருக்கிறார் என்று ஒரு வரி. 380 யூரோ, 380 யூரோ என்று நான் மூன்று முறை அனுப்பிய பிறகு அந்த எண்ணின் படம் காணாமல் போனது. பிளாக். மறுபடி கடைக்குப் போனேன். அவர் கோபமே படவில்லை, அதுதான் எரிச்சல். கோப்ரூசாய் ஆற்றில் ராஃப்டிங் பாதி விலைக்குத் தருகிறேன், புரொஃபசருக்கு இலவசம் என்றார். எழுபத்தொரு வயது ஆளை!

நம் காசுக்கு முப்பத்தையாயிரத்துக்கு மேல் வரும். காசு போனதுகூட ஒரு பக்கம். அப்பா அறைக்கு வந்ததும் ரசீதை எடுத்து, கிழிக்காமல், மறுபடி மடித்துப் பாஸ்போர்ட் பைக்குள் வைத்தார்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இங்கே பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது, அவசரமாகச் சொல்கிறேன். பணமாகக் கொடுக்காதீர்கள், பத்து சதவீதம் போனால் போகட்டும். ரசீதில் டூர்சாப் (துருக்கிப் பயண நிறுவனங்களின் சங்கம்) எண் இருக்கிறதா பாருங்கள், இங்கே பயண நிறுவனங்களுக்கு அது கட்டாயம், அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். எங்கள் ரசீதில் அந்த இடம் காலி, நான் கவனிக்கவில்லை. வழிகாட்டியின் அட்டையை வண்டி ஏறும்முன் கேளுங்கள். கடை எதிலும் நிறுத்த மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். நுழைவுச்சீட்டை வாயிலில் நீங்களே வாங்குங்கள்.

இன்னொன்று. இன்று காலை ரிசப்ஷன் பையன் சொன்னான், அன்டால்யாவிலிருந்து அக்சு வரைக்கும் டிராமே போகிறதாம், இறங்கினால் பெர்கேக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. இதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை.